மூன்று அனார்கலிகளிலும் நடித்த ஒரே நடிகை

(திரையில்: பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் படம்)

வணக்கம். இன்று மௌனப் பட நாயகி சுலோச்சனாவைப் பற்றி. சுலோச்சனா என்றதும் இந்திப் படங்களில் அம்மாவாக வரும் சுலோச்சனா லாட்கரை நினைத்துவிடாதீர்கள், அவர் வேறு. நம்மவரின் சொந்தப் பெயர் ரூபி மையர்ஸ். 1907-ல் புனேயில் பிறந்த யூதப் பெண். டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவரைக் கோஹினூர் ஃபிலிம் கம்பெனியின் மோகன் பவ்னானி நடிக்கக் கூப்பிட்டபோது முடியாது என்றுதான் சொன்னார், ஏனென்றால் அந்தக் காலத்தில் சினிமாவுக்குப் போகும் பெண்ணை ஊர் என்னவெல்லாம் பேசும் என்று அவருக்குத் தெரியும். பவ்னானி விடுவதாக இல்லை, கடைசியில் சம்மதித்தார்.

1926-லேயே 'டெலிபோன் கேர்ள்' படத்தில் நாயகி. பார்த்த வேலையையே வேஷமாகக் கட்டியாயிற்று!

(திரையில்: எட்டு வேஷங்கள், ஒவ்வொன்றாக)

அடுத்த வருடம் 'வைல்ட்கேட் ஆஃப் பாம்பே'. தோட்டக்காரர், போலீஸ்காரர், ஹைதராபாத் கனவான், தெருப்பையன், பொன்னிற முடி ஐரோப்பியப் பெண் என்று எட்டு வேஷம், எல்லாம் இவரே. பம்பாய் கவர்னரைவிட இவருக்குச் சம்பளம் அதிகம் என்று அப்போது பேச்சு.

1931-ல் பேசும்படம் வந்தது. இந்துஸ்தானி சரளமாக வராது, மௌனப் படத்தில் அதை யார் கேட்டார்கள்? இவர் நடித்துவந்த இம்பீரியல் கம்பெனிதான் இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வை எடுத்தது, ஆனால் அதில் நாயகி ஜுபைதா. பேசும்படம் வந்ததும் சுலோச்சனா காணாமல் போனார் என்று சிலர் சொல்வதுண்டு, அது பாதிக் கதை. ஒரு வருடம் ஒதுங்கியிருந்து மொழியைக் கற்றுக்கொண்டார், அப்புறம் தன் பழைய வெற்றிப் படங்களையே பேசும்படங்களாக எடுக்கவைத்து அவற்றில் நடித்தார். ஜோடி பெரும்பாலும் டி. பில்லிமோரியாதான். ரூபி பிக்ஸ் என்று சொந்தக் கம்பெனியும் தொடங்கினார்.

வாய்ப்புகள் நிஜமாகவே குறைந்தது முப்பதுகளின் பிற்பகுதியில். புது முகங்கள் வந்தார்கள், இவருக்குக் குணச்சித்திர வேஷங்கள்தான். சினிமாவின் வழக்கமே அது, நாயகர்களுக்கு மட்டும் வயதே ஆகாது!

(திரையில்: 1928, 1935, 1953)

1928-ல் மௌனப் படமான 'அனார்கலி'யில் இவர்தான் அனார்கலி. 1935-ல் பேசும் 'அனார்கலி'யிலும் இவரே. 1953-ல் மறுபடி எடுத்தபோது அனார்கலி பீனா ராய், இவர் அனார்கலியின் காதலனான முகலாய இளவரசன் சலீமின் அம்மா. 1973-ல் தாதாசாகேப் பால்கே விருது கொடுத்தார்கள், 1983-ல் மும்பையில் காலமானார்.

இவரது மௌனப் படங்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. 1953 'அனார்கலி' இருக்கிறது, பாட்டுக்காக அதைப் பார்க்கப் போகிறவர்கள் சலீமின் அம்மா வரும் இடங்களை ஓட்டிவிடாமல் பாருங்கள்.