ஜனவரி 15-க்குள்ள கிளம்பிடணும்!

நடுவர் அவர்களே, சபையோரே, வணக்கம். மணி அடிக்கிறவரோட விரல் இப்பவே பட்டன் மேல இருக்கு. அதனால நேரா விஷயத்துக்கு வர்றேன்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வீரர்கள் படிப்பு முடியறதுக்கு முன்னாடியே என்.எஃப்.எல்.ங்கிற தொழில்முறை லீகுக்குப் போகணுமா, இருந்து முடிச்சிட்டுப் போகணுமா? நாங்க 'போகணும்' அணி. ஒஹையோ மாநிலம் கொலம்பஸ்ல நடக்கிற இந்தப் பொங்கல் விழாவுல இந்தத் தலைப்பை வெச்சவங்களுக்கு ஒரு கும்பிடு. ஏன்னா, மூணு வருஷம் முடிச்ச பையன் டிராஃப்டுக்கு, அதாவது என்.எஃப்.எல். அணிகள் ஏழு ரவுண்டுல வரிசையாப் புது ஆள் எடுக்கிற நிகழ்ச்சிக்கு, பேர் குடுக்கக் கடைசித் தேதி வழக்கமா ஜனவரி 15-ஐ ஒட்டித்தான். நாம இங்க 'பொங்கலோ பொங்கல்'னு கூவிக்கிட்டிருக்கிற அதே நேரத்துல, எங்கயோ ஒரு வீட்டுல இருபது, இருபத்தோரு வயசுப் பையன் அம்மா அப்பாவோட உக்காந்து 'போகவா, இருக்கவா'ன்னு மண்டையை உடைச்சிக்கிட்டிருக்கான்.

எதிரணித் தலைவி அக்கா பேசினாங்க. கைதட்டலை அள்ளிட்டுப் போயிட்டாங்க. என்ன சொன்னாங்க? "மூணு வருஷத்துல எழுந்து ஓடுறவன் அரைவேக்காடு! அரைவேக்காட்டுப் பொங்கலைத் தம்பி சாப்பிடுவாரா?"ன்னு என்னைப் பாத்துக் கேட்டாங்க. நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. என் அணிக்காரங்களே சிரிச்சாங்க, அதுதான் எனக்கு வருத்தம்.

அக்கா, காலையில நீங்கதானே பொங்கல் வெச்சீங்க? அரிசி வெந்தாச்சு, பால் பொங்கி வாய் விளிம்புல வழியுது. என்ன பண்ணீங்க? இறக்கினீங்க. 'கிடக்கட்டும், இன்னும் ஒரு வருஷம் வேகட்டும்'னு அடுப்புலயே விட்டிருந்தா? அடிப்பிடிச்சிருக்கும்! அடிப்பிடிச்ச பொங்கலை அக்கா சாப்பிடுவாங்களா? வேணாம் அக்கா, பதில் சொல்லாதீங்க, மாமா முன்வரிசையில உக்காந்திருக்காரு. அவர் முகத்தைப் பாத்தாலே தெரியுது, அவர் சாப்பிட்டிருக்காரு!

சரி, வெந்துச்சா வேகலையான்னு யாரு பாக்கிறது? அதுக்கு இந்த நாட்டுல ஒரு ஏற்பாடு இருக்கு. என்.எஃப்.எல்.லோட ஆலோசனைக் குழு. பையன் தன் கல்லூரி மூலமா விண்ணப்பம் குடுக்கணும். அணிகள்ல ஆள் தேர்வு பண்றவங்க அவன் ஆட்டத்தைப் பாத்து மூணே பதில்ல ஒண்ணு சொல்லுவாங்க: முதல் ரவுண்டு, ரெண்டாவது ரவுண்டு, ரெண்டும் இல்லேன்னா 'காலேஜ்லயே இரு'. அக்கா சொன்ன அரைவேக்காடு இந்த மூணாவது பதில் வாங்கியும் கிளம்பறவன். 2014-ல 98 பேர் முன்கூட்டியே வந்தாங்க, அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல எந்த அணியும் எடுக்கல. அந்தப் பையன் போகக் கூடாதுன்னு நானே சொல்றேன். எங்க அணி வாதாடறது வெந்தவனுக்காக.

வெந்தும் இறங்காத ஒருத்தர் கதை சொல்றேன். மேட் லைனார்ட். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தோட குவாட்டர்பேக், அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்தறவர். 2004-ல ஹைஸ்மன் கோப்பை வாங்கிட்டாரு. கல்லூரி ஃபுட்பால்ல அதுக்கு மேல விருது கிடையாது. 2005 டிராஃப்டுல முதல் ஆளாப் போவாருன்னு ஊரெல்லாம் பேச்சு. மனுஷன், 'நான் போகல, இன்னொரு வருஷம் படிக்கப் போறேன்'னுட்டாரு.

அக்கா, நீங்க "கல்வி, கல்வி"ன்னு மூணு குறள் சொன்னீங்க. அந்த ஒரு செமஸ்டர்ல அவர் என்ன படிச்சாரு தெரியுமா? டிகிரிக்கு அவருக்கு பாக்கி இருந்தது ஒரே ஒரு பாடம். அணுவியலா? இல்ல. சட்டமா? இல்ல. பால்ரூம் டான்ஸ்!

(சிரிங்க, சிரிங்க, மணியடிக்கிறவரு சிரிப்புக்கு நேரம் கழிக்க மாட்டாரு.)

நூத்து இருபது கிலோ ஆளுங்க நாலு பேர் பாய்ஞ்சு வரும்போது காலை எங்க வைக்கணும்னு தெரிஞ்ச மனுஷன், காலை எடுத்து வைக்க கிளாஸுக்குப் போறாரு! ஒன், டூ, த்ரீ... ஒன், டூ, த்ரீ... எதிர்ல ஆள் வந்தாப் பந்தைத் தூக்கி எறியக் கூடாது, இடுப்புல கை வைக்கணும்! வீட்டுல அம்மா கேட்டிருப்பாங்க, "கண்ணா, பரீட்சைக்குப் படிச்சியா?" "ஆடிக்கிட்டிருக்கேம்மா!" நம்ம வீட்டுப் பிள்ளை அப்படிச் சொன்னா நடக்கிறதே வேற.

இப்பக் கணக்கு. 2005-ல முதல் ஆளா யாரு போனது? யூட்டா பல்கலைக்கழகத்தோட அலெக்ஸ் ஸ்மித். அவரும் ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போதே கிளம்பினவர்தான். காயம்பட்டாலும் கைக்கு வர்ற கேரண்டி பணம் மட்டும் 24 மில்லியன் டாலர். லைனார்ட்? கடைசி ஆட்டத்துல டெக்சஸ்கிட்ட 41-38 தோல்வி. 2006 டிராஃப்டுல பத்தாவது ஆளு. கேரண்டி 14 மில்லியன் பக்கம். அந்த டான்ஸ் கிளாஸுக்கு ஃபீஸ் பத்து மில்லியன் டாலர், நடுவர் அவர்களே! இந்த அரங்கத்துல பரதநாட்டியம் சொல்லிக்குடுக்கிற டீச்சர்கள் இருக்கீங்க. ரேட்டை மாத்துங்க!

இன்னொண்ணு. அந்த அலெக்ஸ் ஸ்மித் ரெண்டே வருஷத்துல டிகிரி முடிச்சிட்டாரு. எதுல? எகனாமிக்ஸ்ல. எகனாமிக்ஸ் படிச்சவன் கிளம்பிட்டான், டான்ஸ் படிக்கிறவன் தங்கிட்டான். இதுக்கு மேல நான் விளக்கணுமா?

எதிரணித் தம்பி எந்திரிச்சு, "நம்ம ஊர் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துப் பையன் மாரிஸ் கிளாரெட் கதையை மறந்துட்டீங்களா? சீக்கிரம் போய்த்தானே கெட்டான்"னாரு. தம்பி, ஒஹையோக்காரங்க முன்னாடி நின்னுக்கிட்டு அந்தக் கதையைத் தப்பாச் சொல்லக் கூடாது. 2003 ஜனவரியில மயாமிக்கு எதிரா ரெண்டாவது ஓவர்டைம்ல ஜெயிக்க வெச்ச டச்டவுன், அதாவது பந்தை எதிரணி எல்லைக்கோட்டுக்குள்ள கொண்டுபோன ஸ்கோர், யாரோடது? முதலாம் ஆண்டுப் பையன் கிளாரெட்டோடது. அப்புறம் இடைநீக்கம் ஆகி ஆட முடியல, என்.எஃப்.எல். போறேன்னாரு. விடல! பள்ளி முடிச்சு மூணு வருஷம் ஆகணும்கிறது அவங்க விதி. கோர்ட்டுக்குப் போனாரு. 2004 பிப்ரவரியில ஜெயிச்சாரு, மே மாசம் அப்பீல்ல தோத்தாரு. அந்தத் தீர்ப்பை எழுதினது, பின்னாடி உச்ச நீதிமன்றத்துக்குப் போன சோனியா சோட்டோமயோர். ரெண்டு சீசன் சும்மா உக்காந்துட்டு 2005-ல காம்பைனுக்கு, அதாவது டிராஃப்டுக்கு முந்தின உடல்திறன் சோதனைக்கு, வந்து 40 கெஜம் ஓடினாரு, 4.7 வினாடிக்கு மேல ஆச்சு. பந்தைத் தூக்கிட்டு ஓடற ரன்னிங் பேக்குக்கு அது எடுபடாது. 101-வது ஆளா டென்வர் எடுத்துச்சு, சீசன் தொடங்கறதுக்கு முன்னாடியே கழட்டி விட்டுச்சு. இவரு சீக்கிரம் போய்க் கெட்டவர் இல்ல தம்பி. போக விடாம கெட்டவரு.

"ஜோ பரோ இருந்து ஜெயிச்சாரே"ன்னும் கேட்டீங்க. எங்க இருந்தாரு? இதே ஊர்ல மூணு வருஷம் பெஞ்சுல இருந்தாரு, டிகிரியை வாங்கிட்டு லூசியானாவுக்குக் கிளம்பினாரு, 2019-ல அறுபது டச்டவுன் பாஸ் போட்டாரு, 2020-ல முதல் ஆளு. அவரும் கிளம்பினதாலதான் உருப்பட்டாரு! (ஒஹையோ ஸ்டேட் சட்டை போட்டவங்க என்னைப் பார்க்கிங்ல பாத்துக்கலாம்.)

இப்ப கொஞ்சம் கவனமாக் கேளுங்க, இதுதான் உள்விவகாரம். பணம் முதல் கான்ட்ராக்ட்ல இல்ல, ரெண்டாவதுல. 2010-ல முதல் ஆளாப் போன சாம் பிராட்ஃபோர்டுக்கு கேரண்டி மட்டும் 50 மில்லியன். அடுத்த வருஷமே விதி மாறிச்சு. 2011-ல முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு நாலு வருஷத்துக்கு மொத்தமே 22 மில்லியன். இன்னிக்கும் எத்தனையாவது ஆளோ அதுக்கேத்த சம்பளம், நாலு வருஷக் கட்டு. மூணு சீசன் முடியாம புது கான்ட்ராக்ட் பேசவே கூடாது. அப்போ அந்த மூணு சீசன் எந்த வயசுல முடியுதுங்கிறதுதான் கேள்வி.

டாட் கர்லி, ரன்னிங் பேக். ஜார்ஜியாவுல மூணு வருஷம், 2015-ல கிளம்பினாரு. மூணு சீசன் முடிஞ்சுது. 2018 ஜூலையில 57.5 மில்லியனுக்குப் புது கான்ட்ராக்ட், 45 கேரண்டி. அந்த டிசம்பர்ல முழங்கால் தகராறு பண்ண ஆரம்பிச்சுது. 2020 மார்ச்சுல அணி விட்டுட்டுது. அந்த வருஷத்தோட ஆட்டமும் முடிஞ்சுது, வயசு 26. அவர் காலேஜ்ல இன்னும் ஒரே ஒரு வருஷம் இருந்திருந்தா? புது கான்ட்ராக்ட் பேச முதல் தேதி 2018 சீசனுக்கு அப்புறம் வந்திருக்கும். முழங்கால் வீங்கினவன்கிட்ட எவன் 45 மில்லியன் நீட்டுவான்?

"இப்பத்தான் காலேஜே சம்பளம் குடுக்குதே"ன்னு ஒரு குரல். குடுக்குது. 2025 ஜூலையிலேர்ந்து. ஒரு பல்கலைக்கழகத்துக்கு முதல் வருஷ உச்சவரம்பு 20.5 மில்லியன், எல்லா விளையாட்டுக்கும் சேத்து. ஸ்டார் குவாட்டர்பேக்குக்கு நல்ல பங்கு. அவனைக் காக்கிற வரிசையில இடது கார்டு ஆடற பையனைக் கேட்டுப் பாருங்க.

"2024-ல நம்ம ஒஹையோ ஸ்டேட் பசங்க தங்கினாங்க, சாம்பியன் ஆனாங்க"ன்னீங்க. கைதட்டுங்க, நானும் தட்டறேன். அந்த சீசன்ல 16 ஆட்டம் ஆடினாங்க. என்.எஃப்.எல். சீசனே 17 ஆட்டம்தான்! அதே அணியில இடது டாக்கிள் ஜோஷ் சிமன்ஸ், ஆரிகன் ஆட்டத்துல முழங்கால் போச்சு. முதல் ரவுண்டுல கடைசி, 32-வது ஆளு. சென்டர் சேத் மெக்லாக்லின், நாட்டுலயே சிறந்த சென்டருக்கான ரிமிங்டன் விருது வாங்கினவரு. நவம்பர்ல பயிற்சியில குதிகால் தசைநார் அறுந்துச்சு. டிராஃப்ட் ஏழு ரவுண்டும் முடிஞ்சுது, அவர் பேரை யாரும் கூப்பிடல. கோப்பை காலேஜ் அலமாரியில இருக்கு. அறுந்த தசைநார் அவர் கால்ல.

காப்பீடு எடுக்கலாமேம்பீங்க. ஜெய்லன் ஸ்மித் எடுத்தாரு. நோட்டர் டேம் பல்கலைக்கழக லைன்பேக்கர், தடுப்பாட்டக்காரர். 2016 ஜனவரி 1, ஒஹையோ ஸ்டேட்டுக்கு எதிரான ஆட்டம், முழங்கால்ல தசைநாரோட நரம்பும் கெட்டுது. முதல் அஞ்சு பேர்ல போக வேண்டியவரு 34-வது ஆளாப் போனாரு. காப்பீட்டுல வந்தது 9 லட்சம் டாலர்னு செய்தி. அந்த வருஷம் அஞ்சாவது ஆளுக்கு கேரண்டி 23 மில்லியன்.

மார்கஸ் லாட்டிமோர்னு ஒரு பையன். தென் கரோலினா. முதல் வருஷமே 1,197 கெஜம் ஓடினான். அன்னிக்கே எடுத்திருப்பாங்க, மூணு வருஷ விதி விடல. ரெண்டாம் வருஷம் இடது முழங்கால். மூணாம் வருஷம், 2012 அக்டோபர், டென்னஸி ஆட்டம், வலது முழங்கால் இடம் விட்டே நழுவிச்சு. ரெண்டு அணிப் பசங்களும் மைதானத்துக்குள்ள வந்து அவனைச் சுத்தி நின்னாங்க, எதிரணியும்தான். ரெண்டு நாள்ல அவனுக்கு 21-வது பிறந்தநாள். நாலாவது ரவுண்டுல சான் ஃபிரான்சிஸ்கோ எடுத்துச்சு. ஒரு ஆட்டம்கூட ஆடல. 2014 நவம்பர்ல, 23 வயசுல, ஓய்வு.

அந்தப் பையனைப் பெத்தவங்க முன்னாடி போய், "நாலாம் வருஷமும் இருந்திருக்கணும்"னு சொல்ற தைரியம் இந்த மேடையில யாருக்கு இருக்கு?

அக்கா, உங்க கவலை டிகிரி. அது ஒரு தாயோட கவலை, புரியுது. எம்மிட் ஸ்மித் 1990-ல ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தை விட்டு மூணாம் வருஷமே கிளம்பினப்ப, அவர் அம்மாவுக்கும் இதே கவலைதான். "படிப்பை முடிச்சே தீருவேன்"னு அம்மாகிட்ட சத்தியம் பண்ணிட்டுப் போனாரு. 17-வது ஆளா டாலஸ் எடுத்துச்சு. என்.எஃப்.எல். இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை மூணு தடவை ஜெயிச்சாரு. பணத்துக்குக் குறைவில்ல, பேருக்குக் குறைவில்ல, படின்னு மிரட்ட ஆளில்ல. சீசன் முடிஞ்ச மாசங்கள்ல காலேஜுக்குத் திரும்பிப் போய் சின்னப் பசங்களோட உக்காந்து படிச்சாரு. 1996 மே மாசம், மூணாவது சூப்பர் பவுல் ஜெயிச்சு நாலு மாசம்கூட ஆகல, பட்டமளிப்பு அங்கி போட்டு நின்னு பட்டம் வாங்கினாரு. பின்னாடி 18,355 கெஜம் ஓடி என்.எஃப்.எல். சாதனையே அவர் பேர்ல நிக்குது.

இந்த அரங்கத்துல, பிள்ளையை டார்ம்ல விட்டுட்டு வந்து ராத்திரி தூக்கம் வராம போனையே பாத்துக்கிட்டிருந்த அம்மாக்கள் எத்தனை பேர் இருக்கீங்க? கை தூக்குங்க. கூச்சப்படாதீங்க. பாருங்க நடுவர் அவர்களே, எதிரணித் தலைவி அக்காவும் கை தூக்கிட்டாங்க! எனக்குத் தட்ட வேணாம், ஆறு வருஷம் அந்தச் சத்தியத்தை நம்பிக் காத்திருந்த அந்த அம்மாவுக்கு ஒரு தடவை பலமாத் தட்டுங்க.

மணி அடிச்சிட்டாரு. நன்றி, வணக்கம்.