தண்டவாளம் போன பிறகு

வணக்கம் நேயர்களே. திருகோணமலை ஆட்களுக்குக் கோச்சியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. 1927இல் வந்த பாதை, இரவு மெயில், கந்தளாய்க்கு அப்பால் காட்டுக்குள் யானைக்குப் பயந்து மெதுவாகப் போவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். என் அப்பா அந்தப் பாதையில் தண்டவாளம் பார்க்கிற வேலை செய்தவர். இன்றைக்கு நான் பேசப்போவது கோச்சியே வராத ஒரு பாதையைப் பற்றி.

போன வருடம் ஒக்டோபரில் அமெரிக்காவில் மகளிடம் போயிருந்தேன். பென்சில்வேனியாவின் வடக்கே பைன் கிரீக் என்று ஓர் ஆறு, காட்டு மலைகளை அறுத்துக்கொண்டு ஓடுகிறது, சில இடங்களில் பள்ளத்தாக்கின் ஆழம் 1,450 அடி. ஆற்றோடு ஒட்டி 1883இல் ரயில் பாதை போட்டார்கள். 1988 ஒக்டோபரில் கடைசிச் சரக்கு ரயில் போனது. பிறகு தண்டவாளத்தைக் கழற்றிவிட்டு, நொறுக்கிய கல்லைப் பரப்பி இறுக்கி, 1996இலிருந்து நடக்கவும் சைக்கிள் ஓடவும் பகுதி பகுதியாகத் திறந்தார்கள். இப்போது 62 மைல். இங்கிருந்து அனுராதபுரம் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலை என்றதும் என் முழங்காலை நினைத்துத் தயங்கினேன். "வாங்கோ அம்மா, ஏத்தமே இல்லை" என்றாள் மகள். உண்மைதான். இரும்புச் சக்கரம் இரும்பின் மேல் ஓடுவதால் ஏற்றத்தில் வழுக்கும், அதனால் ரயில் பாதை போடுகிறவர்கள் மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பி ஆற்றின் போக்கிலேயே போவார்கள். நூறு அடிக்கு இரண்டு அடிக்கு மேல் எங்கேயும் ஏறவில்லை.

ஆனால் தண்டவாளம் இல்லாத மேடு என்றால் எனக்கு வேறு ஞாபகம் வரும். வவுனியாவுக்கு வடக்கே யுத்த காலத்தில் தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போய், 2014இல் யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வரும்வரை அந்த மேடு வெறுமையாகக் கிடந்ததே, அதுதான். முதல் ஒரு மைல் அந்தப் பாரத்தோடுதான் சைக்கிள் ஓடினேன். அப்புறம் எதிரே ஒரு தாத்தாவும் பேரப்பிள்ளையும் சின்னச் சைக்கிளில் மணி அடித்துக்கொண்டு வந்தார்கள், கொஞ்சம் லேசாகிவிட்டது.

நெடுநேரம் நின்றது ஒரு ஹெம்லொக் மரத்தடியில். குட்டை ஊசியிலை, விரல் நுழையும் அளவுக்கு வெடித்த தடித்த பட்டை. தோல் பதனிட இந்தப் பட்டை வேண்டுமென்று ஒரு காலத்தில் மலை மலையாக வெட்டியிருக்கிறார்கள், பட்டையை உரித்துக்கொண்டு மரத்தைக் காட்டிலேயே உக்க விட்டதும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த மலைகள் மொட்டை. மிஞ்சிய கிளைகள் காய்ந்து காட்டுத்தீ வேறு. வெட்டின மரத்தைச் சுமந்ததும் இதே ரயில் பாதைதான். நான் பார்த்து வாய்பிளந்த காடு முழுக்கத் திரும்பி வளர்ந்த காடு! லியோனார்ட் ஹாரிசன் என்பவர் மர வியாபாரி, மர ஆலை நடத்தியவர். அவரே 1922இல் பள்ளத்தாக்கின் விளிம்பில் 121 ஏக்கரை மாநிலத்துக்குக் கொடுத்தார். அங்கே நின்று குனிந்தால் ஆறு 800 அடி கீழே, நம்முடைய கோணேசர் மலை இரண்டை ஏறத்தாழ அடுக்கிய மாதிரி. மர வியாபாரி ஒருவர் கொடுத்த நிலம் அது என்பதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

அந்தப் பக்கம் பிள்ளைகள் இருப்பவர்கள் இலை நிறம் மாறுகிற ஒக்டோபரில் போங்கள். அன்சோனியாவிலிருந்து பிளாக்வெல் வரை ஏறத்தாழ 17 மைல், பள்ளத்தாக்கின் அழகான பகுதி அதுதான். தண்ணீரும் சாப்பாடும் கையில் வேண்டும். நாங்கள் புட்டும் சம்பலும் கட்டிக்கொண்டு போய் ஆற்றங்கரைக் கல்லில் இருந்து சாப்பிட்டோம்.

திரும்பும்போது ஒரு வளைவில் சைக்கிளை நிறுத்தினேன். சின்ன வயதில் அப்பா என்னைத் தண்டவாளத்தோரம் கூட்டிப்போய், வளைவில் வெளிப்பக்கத் தண்டவாளம் ஏன் சற்று உயர்ந்திருக்கிறது என்று காட்டித் தந்திருக்கிறார். இங்கே தண்டவாளமும் இல்லை, உயரமும் இல்லை, கல் மூடிக் கிடக்கிறது. ஆனால் அந்த வளைவு அவ்வளவு நீளமாக, அவ்வளவு மெதுவாகத் திரும்பியது. சைக்கிளுக்கு யாரும் இப்படி வளைக்க மாட்டார்கள், ரயிலுக்கு வெட்டின வளைவு அது. அப்பா இருந்திருந்தால் இறங்கிக் குந்தியிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்திருப்பார். நானும் அப்படியே பார்த்தேன்.

நன்றி, வணக்கம்.