நோயின் பெயர் தெரியாத காலம்

நேயர்களுக்கு வணக்கம்.

மூட்டுகளில் வலி, எவ்வளவு தூங்கினாலும் தீராத களைப்பு, வெயிலில் போய்வந்தால் முகத்தில் தடிப்பு, அவ்வப்போது லேசான காய்ச்சல். பல ஆண்டுகளாக நான் மருத்துவர்களிடம் சொல்லிவரும் தொந்தரவுகள் இவைதான். இன்றைக்கு என் கோப்பில் எழுதியிருப்பது ‘வகைப்படுத்த முடியாத இணைப்புத்திசு நோய்’. உடலின் எதிர்ப்பு சக்தி தன் சொந்த உறுப்புகளையே தாக்கும் லூபஸ் மாதிரியும் இருக்கிறது, முடக்குவாதம் மாதிரியும் இருக்கிறது, ஆனால் இன்னதுதான் என்று முடிவுகட்டப் போதுமான அடையாளங்கள் இல்லை என்று அர்த்தம். மருத்துவத்தில் உண்மையாகவே இருக்கிற பெயர்தான் இது. இப்படிப்பட்டவர்களில் சிலருக்குச் சில ஆண்டுகளில் நோய் தெளிவான உருவம் எடுக்கும். பலருக்கு இப்படியே நீடிக்கும். சிலருக்குத் தானாக அடங்கிப்போவதும் உண்டு.

இந்தப் பெயர்மீது எனக்குக் கோபமில்லை. தெரியாததைத் தெரியவில்லை என்று ஒத்துக்கொள்கிற பெயர் அது. என் ஆற்றாமையெல்லாம் அது கிடைப்பதற்கு முந்தைய காலத்தைப் பற்றியது. ஒரு மருத்துவர் லூபஸ் என்றார். இன்னொருவர் நோயே இல்லை, மன அழுத்தம் என்றார். வேறொருவர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றையும் புதிதாக எடுத்துவரச் சொன்னார். எல்லோருமே அடித்துப் பேசினார்கள். ‘இன்னும் தெரியவில்லை, சேர்ந்து தேடுவோம்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் அன்றைக்கே பாதி பாரம் இறங்கியிருக்கும்.

ஏன் இப்படித் தடுமாற வேண்டியிருக்கிறது என்று பிறகு நானே படிக்கத் தொடங்கினேன். லூபஸ் சந்தேகம் வந்தால் முதலில் எடுக்கச் சொல்வது ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை. நம் உடல் தன் சொந்த செல்களின் உட்கருவையே எதிரியாக நினைத்து எதிர்ப்புப் புரதங்களைச் செய்கிறதா என்று அது பார்க்கிறது. லூபஸ் உள்ள ஏறக்குறைய எல்லோருக்கும் அது பாசிட்டிவாக இருக்கும். ஆனால் நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் இருக்கலாம்! 1997இல் வெளிவந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், ரத்தத்தை 40 மடங்கு நீர்க்கச் செய்து பார்த்தபோது எந்த நோயும் இல்லாதவர்களில் 100க்குச் சுமார் 32 பேருக்கு அது பாசிட்டிவ். 80 மடங்கு நீர்த்தால் 13 பேர், 160 மடங்கில் 5 பேர். எத்தனை மடங்கு நீர்த்தபோது என்ற அந்த எண்ணைச் சொல்லாமல் வெறும் ‘பாசிட்டிவ்’ என்ற சொல்லை மட்டும் நோயாளியின் கையில் கொடுத்தனுப்பினால், அவர் அன்றிரவு தூங்குவாரா?

இன்னொரு கணக்கும் உண்டு. ஆயிரத்தில் ஒருவருக்கு வரும் ஒரு நோய். அந்த நோய் இல்லாதவர்களில் 100க்கு 5 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் காட்டும் ஒரு பரிசோதனை. உங்களுக்குப் பாசிட்டிவ் வந்துவிட்டது. உண்மையிலேயே நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? 1978இல் வெளியான ஒரு ஆய்வுக்காக ஹார்வர்டின் மருத்துவமனைகளில் மருத்துவர்கள், மாணவர்கள் என 60 பேரிடம் இதைக் கேட்டார்கள். அதிகம் பேர் சொன்ன பதில் 95 சதவீதம். சரியான பதில் ஏறத்தாழ 2 சதவீதம்தான். ஆயிரம் பேரைச் சோதித்தால் நோயுள்ளவர் ஒருவர், தவறாகப் பாசிட்டிவ் காட்டப்படுபவர்கள் சுமார் 50 பேர். சரியாகச் சொன்னவர்கள் 60 பேரில் 11 பேர். மருத்துவர்களைக் குறை கூற இதைச் சொல்லவில்லை. படித்தவர்களையே ஏமாற்றும் கணக்கு இது, அதைத் தனியாக வீட்டில் உட்கார்ந்து ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு போடச் சொன்னால் நோயாளி என்ன செய்வார் என்றுதான் கேட்கிறேன்.

‘முழு உடல் பரிசோதனை’ என்ற பெயரில் ஒரே நாளில் இருபது முப்பது சோதனைகள் எடுக்கிறோம் இல்லையா, அதிலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. ரிப்போர்ட்டில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவுகள் பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும்படி வகுக்கப்பட்டவை. மீதி 5 சதவீதம் பேர் நோயில்லாமலேயே அந்தக் கோட்டுக்கு வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 சோதனைகளை எடுத்தால், முழு ஆரோக்கியமான ஒருவருக்கு ஒன்றாவது தப்பாக வர 64 சதவீத வாய்ப்பு. அப்புறம் அந்த ஒன்றைத் துரத்திக்கொண்டு ஒரு ஸ்கேன், ஸ்கேனில் தெரிந்த ஏதோ ஒரு புள்ளிக்காக இன்னொரு ஸ்கேன்.

மறுபக்கமும் இருக்கிறது. உண்மையான நோய் பல ஆண்டுகள் கண்டுபிடிக்கப்படாமலே கிடக்கிறது. கருப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், இனப்பெருக்க வயதுப் பெண்களில் பத்தில் ஒருவருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதைக் கண்டறிய 4 முதல் 12 ஆண்டுகள்கூட ஆகிறதாம். அத்தனை ஆண்டுகளும் அந்தப் பெண்களிடம் சொல்லப்படுவது, ‘இது எல்லாருக்கும் இருக்கிற வலிதானே’ என்பது. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் நம்புவதற்கு எந்த இயந்திரமும் தேவையில்லை.

சரி, மருந்துக்கு வருவோம். நோய் எது என்று தெரியாவிட்டாலும் மருந்து தொடங்கிவிடும், சில நேரம் தொடங்கத்தான் வேண்டும். எனக்கு முதலில் வந்தது வீக்கத்தையும் வலியையும் அடக்கும் ஸ்டீராய்டு. 1948இல் பிலிப் ஹென்ச் என்ற அமெரிக்க மருத்துவர் முடக்குவாதத்தால் நடமாட முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்கு கார்டிசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்சுக்கும் அவரோடு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த மருந்தின் மகிமையை நான் மறுக்கவே மாட்டேன், என் விரல்களை மடக்க வைத்ததே அந்தக் குடும்பத்து மாத்திரைதான். ஆனால் கூடவே முகம் உப்பியது, தூக்கம் போனது, சர்க்கரை ஏறியது. இவையெல்லாம் தெரிந்த பக்க விளைவுகள். முன்கூட்டியே ஒரு வரி சொல்லியிருக்கலாம். அதைவிட முக்கியம், சில வாரங்கள் சாப்பிட்ட பிறகு அதைத் திடீரென்று நிறுத்தக்கூடாது. வெளியிலிருந்து மருந்து வருவதால், உடலுக்குள் இதே வகைப் பொருளைச் சுரக்கும் நம் அட்ரீனல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டிருக்கும், சட்டென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். இதை எனக்குச் சொன்னவர் மருந்துக் கடையில் இருந்தவர்.

மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறவர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் ஒன்று சொல்கிறேன். மூட்டு நோய்களுக்கு அது வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் எடுக்க வேண்டிய மருந்து. தவறிப்போய் தினமும் சாப்பிட்டு இறந்தவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கிழமை என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். லூபஸ் போன்ற நோய்களுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரையை நீண்டகாலம் எடுத்தால் விழித்திரையைப் பாதிக்கலாம். தொடங்கும்போது ஒரு கண் பரிசோதனை, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர்ந்து பரிசோதனை வேண்டும்.

பக்க விளைவைப் புது நோய் என்று நினைத்து அதற்கும் மருந்து எழுதுவது இன்னொரு துயரம். வலி மாத்திரையால் ரத்த அழுத்தம் ஏறுகிறது. அதற்கு ஆம்லோடிபின். அதனால் கால் வீங்குகிறது. வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை. முதல் மாத்திரையை மாற்றியிருந்தாலே போதும். ‘இந்தத் தொந்தரவு அந்த மருந்தால் வருகிறதா?’ என்று கேட்டால் முகம் சுளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். கேட்பது நம் உரிமை.

இத்தனைக்கும் நடுவில் பணம். நோய் எது என்று தெரிந்தவருக்காவது செலவுக்கு ஒரு திட்டம் உண்டு. தெரியாதவர் தேடுவதற்கே செலவழிக்கிறார். பல காப்பீட்டுத் திட்டங்கள் பெயர் வைத்த நோய்க்கும் மருத்துவமனையில் படுத்ததற்கும்தான் பணம் தருகின்றன. தேடும் காலத்துச் சோதனைகள் சொந்தக் கையிலிருந்து போகின்றன. கூட வருகிறவரின் சம்பளமும் போகிறது. உலக சுகாதார நிறுவனமும் உலக வங்கியும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட அறிக்கை, மருத்துவச் செலவால் பண நெருக்கடிக்கு ஆளாகிறவர்கள் உலகில் சுமார் 200 கோடி பேர் என்கிறது. செலவு தாங்காமல் மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிடுகிறவர்களை எனக்குத் தெரியும். மருத்துவரிடம் சொல்ல அவர்களுக்குக் கூச்சம். மருத்துவர்களே, அந்தக் கேள்வியை நீங்கள் முதலில் கேளுங்கள். ‘இது உங்களுக்குக் கட்டுப்படியாகுமா?’ என்று கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இப்போது ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் நான் ஒன்று கேட்கிறேன்: இதன் முடிவு எப்படி வந்தால் என் சிகிச்சை மாறும்? மாறாது என்றால், அதை இப்போது எடுக்காமல் இருக்கலாமா? சிலருக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. இப்போது நான் போகும் மருத்துவருக்குப் பிடித்திருந்தது. அவர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்: எதெல்லாம் இல்லை என்று உறுதியாகிவிட்டது, எது இன்னும் சந்தேகம், எந்த மருந்துக்கு எப்போது என்ன சோதனை. கடைசியில், சிறுநீரில் நுரை, கால் வீக்கம், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு வலி, இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த தேதிவரை காத்திருக்காமல் அன்றே வரவேண்டும் என்று. என் நோய்க்கு இன்னும் முழுப் பெயர் கிடைக்கவில்லை. ஆனால் என்ன வந்தால் எங்கே ஓட வேண்டும் என்று எனக்கும் என் வீட்டாருக்கும் தெரியும். அப்படி ஒரு தாளை உங்கள் மருத்துவரிடமும் கேட்டு வாங்குங்கள்.

வணக்கம்.