அமெரிக்காவில் ஐரிஷ்காரரும் இத்தாலியரும்: கூட்டுறவு வார விழாச் சொற்பொழிவு

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நம் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கத் தலைவர் அவர்களே, ஓயாத அலுவல்களுக்கு இடையிலும் வந்திருந்து மேடையைச் சிறப்பிக்கும் மண்டல இணைப்பதிவாளர் அவர்களே, சார்பதிவாளர் அவர்களே, என்னைப் பற்றி உள்ளதற்கு மேலாகவே வரவேற்புரையில் சொல்லிவிட்ட சங்கச் செயலாளர் அவர்களே, மகளிர் சுயஉதவிக் குழுக்களின் பொறுப்பாளர்களே, முன்வரிசையைக் காலியாக விட்டுவிட்டுப் பின்வரிசையில் நிறைந்திருக்கும் உறுப்பினப் பெருமக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

இணைப்பதிவாளர் அவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். நம் சங்கத்தின் கட்டட அனுமதிக் கோப்பு அலுவலகத்துக்கு அலுவலகம் அலைந்து களைத்துப் போயிருந்த நேரத்தில், அதைத் தம் மேசைக்கு வரவழைத்துக் கையெழுத்திட்டவர் அவர். தலைவர் அவர்களும் தம் சொந்தக் கடைவேலையை ஒதுக்கிவைத்துவிட்டு அதற்காக நடையாய் நடந்தார். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். இழுப்பவர்களுக்கு நடுவில் வடத்தைச் சரிசெய்து கொடுக்கிறவர்களும் வேண்டும் என்பதற்கு இவர்கள் இருவரும் சான்று.

எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு, அமெரிக்காவில் குடியேறிய இரண்டு ஐரோப்பியச் சமூகங்களின் முன்னேற்றத்தை ஒப்பிடுவது. கூட்டுறவு வாரத்தில் இது எதற்கு என்று சிலர் முகம் கேட்பது தெரிகிறது. வரலாற்றுப் பாடம் நடத்தியே காலம் கழித்தவனை அழைத்தால் இப்படித்தான் ஆகும். ஐரிஷ்காரர்களையும் இத்தாலியர்களையும் வேலை, பள்ளி, அரசியல், சேமிப்பு என்னும் நான்கு தலைப்புகளில் ஒப்பிடலாம் என்று குறித்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

இரு சமூகங்களும் கத்தோலிக்கச் சமூகங்கள். பெரும்பாலோர் நிலமற்ற அல்லது துண்டு நிலம் வைத்திருந்த உழவர்கள். இரண்டையுமே அமெரிக்கப் புராட்டஸ்டன்ட் மேல்தட்டு அருவருப்போடுதான் பார்த்தது. ஆனால் வந்த காலம் வேறு. 1845 முதல் உருளைக்கிழங்குப் பயிரில் விழுந்த கருகல் நோய் அயர்லாந்தில் ஏறக்குறையப் பத்து லட்சம் பேரைப் பலிகொண்டது. அதைவிடவும் அதிகமானோர் கப்பலேறினார்கள். இத்தாலியர்களின் பெருவரவு 1880க்குப் பிறகு. முதல் உலகப் போர் முடிந்த காலம் வரையில் ஏறத்தாழ நாற்பது லட்சம் பேர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தென்னித்தாலியிலிருந்தும் சிசிலியிலிருந்தும் வந்தார்கள். ஆகவே 1900ஆம் ஆண்டில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, இவர் மேலே அவர் கீழே என்று சொல்வது நியாயமான கணக்கு ஆகாது. ஒருவர் வீட்டில் இரண்டாம் தலைமுறை உழைத்துக்கொண்டிருந்தது. மற்றவர் அப்போதுதான் மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்.

வேலையை எடுத்துக்கொள்வோம். கால்வாய் வெட்டியதும் சுமை தூக்கியதும் முதலில் ஐரிஷ்காரர்கள். அவர்கள் மண்வெட்டியைக் கீழே வைத்த இடத்தில் அதை எடுத்தவர்கள் இத்தாலியர்கள். நியூயார்க்கின் சுரங்க ரயில் பாதையைத் தோண்டியதில் இவர்கள் பங்கு பெரிது. மேஸ்திரியாக நின்றவர் பல இடங்களில் ஐரிஷ்காரரே. 1895இல் நியூயார்க்குக்குத் தண்ணீர் தரும் குரோட்டன் நீர்த்தேக்கப் பணிக்கு ஆள் கேட்டு வந்த விளம்பரம் ஒன்று உண்டு. வெள்ளைக் கூலியாளுக்கு நாளொன்றுக்கு 1.30 முதல் 1.50 டாலர், கறுப்பினக் கூலியாளுக்கு 1.25 முதல் 1.40, இத்தாலியருக்கு 1.15 முதல் 1.25 என்று அதில் அச்சிட்டிருந்தார்கள். இத்தாலியர் வெள்ளையரில் சேராதவர் என்பதை யாரும் கூச்சப்பட்டு மறைக்கவில்லை.

இன்னொரு வேறுபாடு, வந்தவர்கள் யார் என்பது. இத்தாலியரில் பெரும்பாலோர் தனியாக வந்த ஆண்கள். நாலு காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பி நிலம் வாங்குவதே எண்ணம். ஏறக்குறையப் பாதிப்பேர் அப்படித் திரும்பியும் போனார்கள். ஐரிஷ் தரப்பில் கல்யாணமாகாத இளம்பெண்கள் தாமாகவே பெருந்தொகையாக வந்தார்கள். பணக்கார வீடுகளில் சமையலும் துணி துவைத்தலுமாகத் தங்கி வேலை செய்தார்கள். தங்க இடமும் சோறும் வேலை கொடுத்த வீட்டிலேயே கிடைத்துவிட்டதால், கூலியில் பெரும்பகுதி கையில் நின்றது. அந்தச் சிறுவாட்டுப் பணம்தான் தம்பி தங்கைகளுக்குக் கப்பல் சீட்டாகவும், பின்னால் மகள்களின் ஆசிரியைப் படிப்பாகவும் மாறியது. மகளிர் குழுத் தோழியர் இதைக் கவனிக்க வேண்டும்.

அரசியலைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலம் ஏற்கெனவே பலருக்குத் தெரிந்திருந்ததாலும், தங்கிவிடும் எண்ணத்தோடு வந்து சீக்கிரம் குடியுரிமை பெற்றதாலும், ஐரிஷ்காரர்கள் நியூயார்க்கில் ஜனநாயகக் கட்சியை நடத்திவந்த டாமனி ஹால் என்னும் அமைப்பைத் தம் கைக்குள் கொண்டுவந்தார்கள். 1880இல் அயர்லாந்தில் பிறந்த வில்லியம் கிரேஸ் அந்நகரின் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இத்தாலியத் தந்தைக்குப் பிறந்த பியொரெல்லோ லா கார்டியா அந்த நாற்காலிக்குத் தேர்வு பெற 1933 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கட்சிச் செல்வாக்கால் ஐரிஷ்காரர்களுக்குப் போலீஸ், தீயணைப்பு, மாநகராட்சி என்று அரசாங்க உத்தியோகம் கிடைத்தது. அந்த உத்தியோகம் ஏணியாக இருந்ததா, ஒரு படியிலேயே உட்காரவைத்துவிட்ட நாற்காலியாக இருந்ததா என்று ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். அரசு அலுவலர்கள் நிறைந்திருக்கும் சபையில் நான் அதற்குள் போகவில்லை.

இத்தாலியருக்கு ஒற்றுமை இல்லையா என்றால், இருந்தது. ஆனால் அது கிராமத்து எல்லையோடு நின்றது. இந்த ஊர்க்காரருக்கு ஒரு தெரு, அடுத்த ஊர்க்காரருக்கு அடுத்த தெரு, ஊருக்கு ஒரு சங்கம், சங்கத்துக்கு ஒரு புனிதர் என்று வாழ்ந்தார்கள். நேப்பிள்ஸ் அருகிலுள்ள நோலா என்னும் ஊரிலிருந்து வந்தவர்கள் புரூக்ளினில் 1903 முதல் எடுத்துவரும் விழா ஒன்று இன்றும் நடக்கிறது. பல மாடி உயரமுள்ள கோபுரம், அதன்மேல் வாத்தியக் குழு, அத்தனையையும் நூற்றுக்கு மேற்பட்ட ஆண்கள் தோளில் தூக்கித் தெருவில் நடக்கிறார்கள். ஊர் கூடித் தேர் இழுப்பதை அவர்கள் மறக்கவில்லை. திருவிழாவுக்குக் கூடியவர்கள் பணத்துக்கு எப்போது கூடினார்கள் என்பதுதான் என் கேள்வி.

இந்த இடத்தில்தான் சேமிப்பு வருகிறது. அயர்லாந்தின் கெர்ரி மாவட்டத்தில் லேன்ஸ்டவுன் பிரபுவின் பண்ணை இருந்தது. (நம் நாட்டில் 1888 முதல் 1894 வரை வைஸ்ராயாக இருந்த லேன்ஸ்டவுனின் பாட்டனார் இவர்.) குடியானவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவதைவிடக் கப்பல் கட்டணம் மலிவு என்று கணக்குப் போட்டு, 1851இல் ஏறக்குறைய 1,700 பேரை அவருடைய பண்ணை நிர்வாகம் அமெரிக்காவுக்கு ஏற்றியனுப்பியது. கந்தலோடு இறங்கியவர்களில் பலர் நியூயார்க்கின் மிக மோசமான சேரியான ஃபைவ் பாயின்ட்சில் ஒண்டினார்கள். அங்கேயே மக்கிப்போனார்கள் என்றுதான் வெகுகாலம் எல்லோரும் நம்பினார்கள். டைலர் அன்பிண்டர் என்னும் வரலாற்றாசிரியர் ஒரு வங்கியின் பழைய பேரேடுகளைப் பிரித்துப் பார்த்தபோது, இதே மனிதர்கள் சில ஆண்டுகளிலேயே கணிசமான தொகையைச் சேர்த்து வைத்திருந்தது தெரியவந்தது.

அந்த வங்கி, ஐரிஷ் குடியேறிகள் சங்கத்தார் பேராயர் ஜான் ஹியூஸின் ஊக்கத்தோடு 1850இல் நியூயார்க்கின் சேம்பர்ஸ் தெருவில் தொடங்கிய குடியேறிகள் சேமிப்பு வங்கி. கணக்குத் தொடங்க வருகிறவரிடம் சான்றிதழ் ஏதும் இருக்காது. பலருக்குக் கையெழுத்தும் வராது. வங்கி எழுத்தர் ஒரு பதிவேட்டைத் திறந்துவைத்துக்கொண்டு கேட்பார்: எந்த மாவட்டம், எந்தத் தேவாலய வட்டாரம், எந்தக் கப்பலில் எந்த ஆண்டு வந்தீர், தாய் தந்தை பெயர் என்ன, உடன்பிறந்தார் எத்தனை பேர், அவர்கள் எங்கே இருக்கிறார்கள்? மறுமுறை பணம் எடுக்க வரும்போது அதே கேள்விகளைக் கேட்டுச் சரிபார்த்துவிட்டு, பெருக்கல் குறியைக் கையெழுத்தாக வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுப்பார். அவர்களுக்கு அதுவே அடையாள அட்டை. அதே வங்கி வழியாகத் தாய்நாட்டுக்கும் பணம் போயிற்று.

இத்தாலியர் தெருக்களில் இந்த வசதி வெகுநாள் வரையில் இல்லை. மளிகைக்காரரோ, கப்பல் சீட்டு விற்பவரோ, ஆள் பிடித்துக் கொடுக்கும் பத்ரோனே என்னும் கங்காணியோதான் வங்கிக்காரர். ரசீது பெரும்பாலும் வாய்வார்த்தை. 1907இல் பணமுடை வந்தபோது இப்படிப்பட்ட பல கடைகள் இழுத்து மூடப்பட்டன. சீட்டுக்காரர் ஓடிப்போன தெருவில் மறுநாள் காலை எப்படி இருக்கும் என்பது இந்தச் சபைக்குப் புதிதல்ல.

இப்போது ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நேரம் கொஞ்சம் கூடினாலும் செயலாளர் அவர்கள் மணியை அடிக்காமல் இருக்க வேண்டும். அமதேயோ ஜன்னீனி 1870இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில், ஜெனோவாப் பகுதியிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர். இவர் சிறுவனாக இருந்தபோதே ஒரு டாலர் தகராறில் தந்தையை ஒரு கூலியாள் சுட்டுக் கொன்றுவிட்டார். ஆம், ஒரே ஒரு டாலர். மறுமணம் செய்துகொண்ட தாயின் கணவர் ஸ்கத்தேனா காய்கறி மண்டி வைத்திருந்தார். பையன் படிப்பை நிறுத்திவிட்டு விடியுமுன்னே மண்டிக்குப் போய் வியாபாரம் கற்றான். பிற்பாடு சேமிப்பு வங்கி ஒன்றில் இயக்குநராக இருந்தபோது, சிறு ஆட்களுக்கும் கடன் கொடுங்கள் என்று மன்றாடினார். மற்றவர்கள் மசியவில்லை. கோபித்துக்கொண்டு வெளியே வந்து, 1904 அக்டோபர் 17 அன்று சான் பிரான்சிஸ்கோவில் இத்தாலியர் நிறைந்திருந்த நார்த் பீச் பகுதியில், மதுக்கடையாக இருந்த ஓர் இடத்தில் இத்தாலிய வங்கி என்ற பெயரில் தாமே ஒரு வங்கியைத் திறந்தார்.

ஒன்றரை ஆண்டு ஓடியது. 1906 ஏப்ரல் 18, அதிகாலை ஐந்தேகால் மணிக்குச் சற்று முன்பு நிலநடுக்கம். 17 மைல் தொலைவில் சான் மாட்டியோவில் குடியிருந்த ஜன்னீனி, ரயில் ஓடிய வரை ரயிலிலும் மீதித் தூரம் நடந்துமாக வந்து சேர்ந்தபோது, ஊர் ஒரு பக்கம் எரியத் தொடங்கியிருந்தது. வங்கி இருப்பு ஏறக்குறைய 80,000 டாலர். தெருவெல்லாம் கொள்ளை. ஸ்கத்தேனா மண்டியிலிருந்து இரண்டு குதிரை வண்டிகளை வரவழைத்தார். தங்கத்தையும் நோட்டையும் அடியில் போட்டு, மேலே ஆரஞ்சுப் பெட்டிகளை அடுக்கினார். தீப்பற்றிய ஊரிலிருந்து பழவண்டி போகிறது என்று பார்த்தவர்கள் நினைத்திருப்பார்கள்! இரவில் வீடு சேர்ந்து, பணத்தைக் கணப்படுப்புக்குள் ஒளித்துவைத்தார். வெகுநாள் கழித்தும் அந்த நோட்டுகளில் ஆரஞ்சு வாசனை போகவில்லை என்று ஒரு கதை உண்டு. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

பெரிய வங்கிகளின் இரும்புப் பெட்டகங்கள் நெருப்பில் பழுத்துக் கிடந்தன. சூடு ஆறும் முன் திறந்தால் உள்ளே இருக்கும் நோட்டு பற்றிக்கொள்ளும். கையில் பணத்தோடு நின்றவர் இந்தக் காய்கறிக்காரர். படகுத்துறையில் பீப்பாய்களின்மேல் ஒரு பலகையைப் போட்டு வங்கியை நடத்தினார். வீடு கட்டக் கடன் கேட்டு வந்தவர்களிடம் பத்திரம் கேட்கவில்லை. எல்லாப் பத்திரமும்தான் எரிந்துவிட்டதே. முகம் தெரிந்தவரா, உழைக்கிற கையா என்று பார்த்துக் கையெழுத்தின்பேரில் கொடுத்தார். கப்பல் தலைவர்களிடம் பணம் கொடுத்து, வடக்கே போய் மரம் ஏற்றிவரச் சொன்னார். நார்த் பீச் வேகமாக எழுந்தது. அந்த வங்கிதான் 1930இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா என்று பெயர் பெற்றது.

கலிஃபோர்னிய இத்தாலியரில் வடஇத்தாலியர் அதிகம், கூலியும் அங்கே மேல், ஆகவே நியூயார்க்கோடு அதை அப்படியே ஒப்பிட முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். சேமிப்புக்கு விலையும் இருந்தது. மாசசூசெட்ஸின் நியூபரிபோர்ட் என்னும் சிற்றூரை ஆராய்ந்த ஸ்டீபன் தெர்ன்ஸ்ட்ராம், அங்கே ஐரிஷ் கூலிக்காரர்கள் சொந்த வீடு வாங்கியதன் பின்னால் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளின் கூலியும் இருந்தது என்று காட்டினார். பள்ளி என்னும் தலைப்பை அதற்குரிய விரிவோடு இன்று எடுத்துக்கொள்ள நேரமில்லை. 1924ஆம் ஆண்டுச் சட்டம் இத்தாலிய வரவை ஆண்டுக்கு நாலாயிரத்துக்கும் கீழே இறுக்கியபின், போய்வந்து கொண்டிருந்தவர்கள் தங்கத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிறந்த தலைமுறையில் கல்வியிலும் வருமானத்திலும் இரு சமூகங்களுக்கும் இடையே பெரிய இடைவெளி இல்லை என்பது மட்டும் இப்போதைக்குப் போதும்.

ஜன்னீனி வங்கி திறந்த 1904ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதே ஆண்டில்தான் இந்தியாவில் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில்தான் திருவள்ளூர் பக்கத்துத் திரூரில் கடன் சங்கமும், திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கமும் பிறந்தன. அந்தச் சட்டத்துக்கு அடித்தளம் இட்டது, ஐரோப்பாவுக்குப் போய்ப் பார்த்துவந்த பிரடெரிக் நிக்கல்சன் சென்னை அரசுக்குக் கொடுத்த அறிக்கை. ஜெர்மனியின் ரைஃபைசன் என்னும் கிராமக் கடன் சங்கங்களோடு இத்தாலியில் லுசாட்டி வளர்த்த மக்கள் வங்கிகளும் அதில் அடக்கம்.

ஆகவே இணைப்பதிவாளர் அவர்களிடமும் தலைவர் அவர்களிடமும், நான் நெடுநாளாக விடாமல் கேட்டுவருவதை இங்கும் கேட்கிறேன். நம் ஊர் ஆலைகளிலும் உணவகங்களிலும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் உழைக்கிறார்கள். உள்ளூர் முகவரிச் சான்று இல்லை என்பதால் நம் சங்கத்தில் அவர்களுக்குக் கணக்கு இல்லை. கூலி கங்காணியிடமே தங்கிவிடுகிறது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்றால், ஊர் என்பதில் அவர்களும் சேர்த்தி. துணைவிதியில் இணை உறுப்பினர் பிரிவைத் திருத்தி, வேலை கொடுப்பவரின் கடிதத்தையும் இரண்டு உறுப்பினர்களின் அறிமுகத்தையும் வைத்து அவர்களைச் சேர்க்கலாம். வேலை முடிந்து வருகிறவர்களுக்காக வாரத்தில் இரண்டு நாளாவது மாலை எட்டு மணி வரை ஒரு முகப்பைத் திறந்துவைக்கலாம். தீர்மான வரைவு தலைவர் அவர்களின் மேசையில் இருக்கிறது. ஆதரிக்கும் உறுப்பினர்கள் கையெழுத்திட வாசலில் தாள் வைத்திருக்கிறோம். உறுப்பினர் எண்ணையும் சேர்த்து எழுதுங்கள், சென்ற முறை எண் இல்லாததால்தான் மனு திரும்பி வந்தது. நன்றி, வணக்கம்.