நான் பட்டம் பெற்ற 1956

வணக்கம் நேயர்களே. பேராதனையில் என் பட்டப்படிப்பு முடிந்த 1956ஆம் ஆண்டின் உலகச் செய்திகளைப் பற்றிப் பேசுமாறு என்னை அழைத்திருக்கிறார்கள். சூடான் விடுதலை பெற்ற ஜனவரி முதலாம் திகதியில் தொடங்கி, மெல்போர்ன் ஒலிம்பிக் வரையில் அவ்வாண்டு நிறைந்தே கிடக்கிறது. எனக்கு நினைவில் ஊறிப்போனவை சில மட்டுமே; அவற்றையே சொல்கிறேன்.

இறுதித் தேர்வை எழுதிவிட்டு, மட்டக்களப்புக்குத் தெற்கே வாவிக்கரையிலுள்ள எங்கள் ஊருக்கு வந்து, வேலைக்கு விண்ணப்பங்கள் எழுதிக்கொண்டிருந்தேன். மின்சாரம் வராத ஊர் அது. கொழும்புப் பத்திரிகை இரவு ரயிலில் ஏறி, ஊருக்கு வந்துசேர மறுநாள் மதியமாகிவிடும். அதனால் சந்திக் கடையில் பற்றரியில் பாடிக்கொண்டிருந்த வானொலிப் பெட்டியே எங்களுக்கு உலகம்.

ஜூலை 26ஆம் திகதி எகிப்தின் அதிபர் நாசர் அலெக்சாந்திரியாவில் உரையாற்றினார். சூயஸ் கால்வாயை வெட்டுவித்த பிரெஞ்சுக்காரரான லெசெப்ஸின் பெயரை அவர் அந்த உரையில் உச்சரித்ததே, கால்வாய் நிறுவனத்தின் அலுவலகங்களைக் கைப்பற்றக் காத்திருந்தவர்களுக்கு இரகசியச் சமிக்ஞை என்பது பின்னரே வெளியே தெரிந்தது. கடையிலிருந்த பெரியவர் ஒருவர், "நம்மட தேயிலை லண்டனுக்குப் போற வழியெல்லோ மனே அது" என்றார். உலக அரசியலை அவ்வளவு சுருக்கமாக எந்த விரிவுரையாளரும் எனக்கு விளக்கியதில்லை.

அக்டோபர் 29ஆம் திகதி இஸ்ரேல் சினாயில் நுழைந்தது. இரண்டு நாட்களில் பிரித்தானிய விமானங்கள் எகிப்தின் மீது குண்டு வீசின. எகிப்தோ கப்பல்களை மூழ்கடித்துக் கால்வாயை அடைத்துவிட, ஐரோப்பாவுக்கான கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்ல நேர்ந்தது. நவம்பர் 4ஆம் திகதி சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டுக்குள் புகுந்து ஹங்கேரியரின் கிளர்ச்சியை நசுக்கின. மறுநாள் எகிப்தின் போர்ட் செய்ட் துறைமுகத்தில் பிரித்தானிய, பிரெஞ்சுப் பாரசூட் படையினர் இறங்கினார்கள். அமெரிக்கா பவுண் நாணயத்தின் மீது கொடுத்த நெருக்குதலால், நவம்பர் 6ஆம் திகதி நள்ளிரவோடு பிரித்தானியாவும் பிரான்சும் போரை நிறுத்த இணங்கின. சூயஸைக் கண்டித்த வேகத்தில் இந்தியா ஹங்கேரியைக் கண்டிக்கவில்லை என்பது, நேருவின் மீது பெருமதிப்பு வைத்திருந்த எனக்கு அன்று தைத்தது. இன்றும் அது தைக்கிறது.

இந்த ஆரவாரத்துக்குள் அமுங்கிப்போன செய்தி ஒன்று உண்டு. நவம்பர் முதலாம் திகதி இந்தியா தன் மாநிலங்களைப் பெருமளவுக்கு மொழிவழியே திருத்தி வகுத்தது. பாக்கு நீரிணைக்கு அப்பால் பல மொழிகளுக்கும் எல்லை வகுத்து இடமளித்த அதே ஆண்டில்தான், இங்கே சிங்களம் ஒன்றையே ஆட்சிமொழியாக்கும் சட்டம் ஜூன் மாதத்தில் நிறைவேறியது. கடையில் அன்று எவரும் இவ்விரண்டையும் சேர்த்துப் பேசவில்லை. நானும் பேசவில்லை, பட்டதாரியாக இருந்தும்.

அந்தச் சட்டமூலம் பாராளுமன்றத்துக்கு வந்த நாட்களிலேயே அம்பாறைப் பக்கத்துக் கல்லோயாக் குடியேற்றப் பகுதியில் தமிழர் மீது வன்முறை வெடித்தது. அம்பாறை 1961இல் தனி மாவட்டமாகப் பிரியும்வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆகவே நடந்தது எங்கள் மாவட்டத்துக்குள். ஆயினும் போர்ட் செய்ட் பற்றி மணிக்கொரு தடவை அறிந்துகொண்ட நாங்கள், கல்லோயாப் பகுதியின் இங்கினியாகலையில் நடந்ததை அறிந்தது தப்பிவந்தவர்களின் வாயிலிருந்துதான். ஒரு முன்னிரவில், கையில் ஒரு குழந்தையும் தோளில் ஒரு சாக்குமாக வந்த தாய் ஒருத்தி எங்கள் வாசலில் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். என் அம்மா விசாரித்தும் அவள் அதிகம் சொல்லவில்லை. விடிவதற்கு முன் எழுந்து வடக்கே நடந்துவிட்டாள்.

சூயஸ் பற்றிய பத்திரிகைத் துண்டுகளை நான் ஒரு கொப்பியில் ஒட்டி வைத்திருந்தேன். கால்வாய் மீண்டும் திறந்த 1957 ஏப்ரல் வரை அது நீள்கிறது. ஜூன் மாதத்துக்குரிய பக்கங்களில் எதுவுமே ஒட்டப்படவில்லை.