சொன்ன பிறகுதான் படமே தொடங்குகிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். தன்பால் ஈர்ப்பைப் பேசும் சுயாதீனப் படங்களுக்கு உயிர் எது? உண்மையை வீட்டில் சொல்லும் தருணமா, அதற்குப் பிறகான வாழ்க்கையா? வாழ்க்கையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

"மகன் வாய் திறந்து சொல்லும் காட்சியைவிடப் பெரிய நாடகம் உண்டா?" என்று உருக்கமாகக் கேட்டார் எதிரணித் தலைவர். அந்த நாடகம் யாருடையது ஐயா? மகன் ஒரு வரி சொல்வான். உடனே கேமரா அப்பாவின் முகத்துக்குப் போய்விடும். அழுவாரா, அடிப்பாரா, அணைத்துக்கொள்வாரா? படமே அவர் தீர்ப்புக்குக் காத்துக் கிடக்கும். தீர்ப்பு வந்ததும் விளக்கைப் போட்டுவிடுவார்கள். அந்தப் பையன் எதற்குச் சிரிப்பான், யாரோடு சண்டை போடுவான், வாடகைக்கு என்ன செய்வான்? ஒன்றும் தெரியாமல் எழுந்து வருகிறோம்.

ஆண்ட்ரூ ஹேய்க் இயக்கிய 'வீக்கெண்ட்', 2011இல் வந்தது. நாட்டிங்ஹாம் நகரில் வெள்ளிக்கிழமை இரவு இரண்டு ஆண்கள் சந்திக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவன் அமெரிக்காவுக்குக் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான் கதை. அந்த இருவரில் ஒருவனான ரசல், பெற்றோர் யாரென்றே அறியாமல் வளர்ந்தவன். எதிரணியினர் போற்றும் காட்சியை எந்த அப்பாவின் முன்னால் அவன் நடத்துவான்? காதலன் க்ளென், "நான்தான் உன் அப்பா, என்னிடம் சொல்" என்கிறான். ரசல் சொல்கிறான். நிலவில் முதன்முதலில் கால் பதித்தவன் நீயாக இருந்திருந்தாலும் இதைவிடப் பெருமைப்பட்டிருக்க மாட்டேன் என்று பதில் வருகிறது. நெஞ்சு விம்முகிறது. அந்தக் காட்சிக்கு அத்தனை கனம் எங்கிருந்து வந்தது? அதுவரை இருவரும் பேசிய பேச்சிலிருந்தும், கொண்ட பிணக்கிலிருந்தும், நெருங்கிய நெருக்கத்திலிருந்தும் வந்தது.

எல்லோரும் அறிந்துகொண்டால் பாதித் துன்பம் தீர்ந்தது என்றார் எதிரணியின் சகோதரி. ஐரா சாக்ஸின் 'லவ் இஸ் ஸ்ட்ரேஞ்ச்', 2014, நியூயார்க். பென்னும் ஜார்ஜும் 39 ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்துவிட்டு மணம் முடிக்கிறார்கள். ஜார்ஜ் ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் இசை ஆசிரியர். அவர் யாரென்று அங்கே எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆனாலும் திருமணத்தால் வேலை போகிறது, பிறகு வீடும் போகிறது. புது மாப்பிள்ளைகளில் ஒருவர் உறவினர் வீட்டுச் சிறுவனின் அறையில் இரண்டடுக்குக் கட்டிலில் படுக்கிறார். மற்றவர் வேறொரு வீட்டு சோபாவில். இவர்கள் இனி யாரிடம் போய் எதை வெளிப்படுத்துவது?

நம் நாட்டுக்கு வருவோம். ரோஹன் கானவடேயின் மராத்திப் படம் 'சாபர் போண்டா', அமெரிக்காவின் சன்டான்ஸ் திரைப்பட விழாவில் 2025இல் உலக சினிமா பிரிவின் நடுவர் குழுப் பெரும் பரிசைப் பெற்றது. தந்தை இறந்து, பத்து நாள் துக்கம் காக்க மும்பையிலிருந்து கிராமத்துக்கு வருகிறான் ஆனந்த். அம்மாவுக்கு விஷயம் முன்பே தெரியும். ஆகவே படத்துக்கு வேறு வேலை செய்ய நேரம் கிடைக்கிறது: துக்க வீட்டுக் கட்டுப்பாடுகள், கல்யாணப் பேச்சை எடுக்கும் உறவினர்கள், பால்ய நண்பன் பால்யா கொண்டுவந்து தரும் சப்பாத்திக்கள்ளிப் பழம். இழவு வீட்டுக்குள் ஒரு காதல் துளிர்க்கிறது. இதைவிடத் துணிச்சல் வேறென்ன?

சொல்ல முடியாமல் தவிக்கும் பிள்ளைக்கு அந்தப் பழைய காட்சிதானே துணை என்பீர்கள். உங்கள் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் அந்த ஒரு வரியை அவன் மனத்துக்குள் ஆயிரம் முறை சொல்லிப் பார்த்துவிட்டான். தன்னைப் போன்ற இருவர் சேர்ந்தே கிழவர்களாவதைத்தான் அவன் பார்த்ததே இல்லை. அதைக் காட்டும் படங்களுக்காகவே, நடுவர் அவர்களே, தங்கள் தீர்ப்பைக் கேட்கிறேன்.