சண்டை தேயிலைக்காக இல்லை, வெடிமருந்துக்காக!

வணக்கம் மக்களே! பின்னால் ஒரு மரப்பாலம் தெரிகிறதா? இதுதான் நார்த் பிரிட்ஜ். ஊர் கான்கார்ட், மாசசூசெட்ஸ் மாநிலம். பாஸ்டனிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பாலம் பழையதில்லை, பிற்காலத்தில் அதே இடத்தில் கட்டியது. ஆறு என்று சொல்கிறார்கள், பார்த்தால் பெரிய வாய்க்கால் மாதிரிதான் இருக்கிறது. அமெரிக்கப் புரட்சி சூடு பிடித்தது இங்கேதான்.

பள்ளிக்கூடத்தில் நாம் படித்தது என்ன? வரி போட்டார்கள், தேயிலையைக் கடலில் கொட்டினார்கள், போர் வந்தது. கொட்டியது உண்மைதான். 1773 டிசம்பர் 16 அன்று 342 பெட்டிகள். ஆனால் அந்த வருஷம் வந்த தேயிலைச் சட்டத்தால் கிழக்கிந்தியக் கம்பெனித் தேயிலையின் விலை குறையத்தான் செய்தது. பிரிட்டனின் ஆட்சியில் இருந்த அமெரிக்கர்களுக்கு உறுத்தியது, நமக்கு ஓட்டே இல்லாத லண்டன் நாடாளுமன்றம் நம்மிடம் எப்படி வரி கேட்கலாம் என்பதுதான். தேயிலையைக் கொட்டியதற்கு லண்டன் கொடுத்த தண்டனை இருக்கிறதே, அதுதான் பெரிய தப்பு. பாஸ்டன் துறைமுகத்தை மூடினார்கள். அதோடு விட்டார்களா? ஊர்க்கூட்டம் வருஷத்துக்கு ஒன்றுதான், அதற்கு மேல் என்றால் கவர்னர் அனுமதி வேண்டும் என்றார்கள். டீ குடிக்காதவனுக்கும் கோபம் வந்தது அப்போதுதான் என்பது என் கணக்கு.

கவர்னராக வந்தவர் ஜெனரல் தாமஸ் கேஜ். ஆயுதம் இல்லாவிட்டால் கலகம் இல்லை என்று நினைத்து, ஊர் ஊராக வெடிமருந்தைக் கைப்பற்ற ஆரம்பித்தார். கான்கார்டில் நிறைய இருக்கிறது என்று தகவல் வந்ததும், 1775 ஏப்ரல் 18 ராத்திரி சுமார் 700 சிப்பாய்களைப் படகில் ஏற்றி, பாஸ்டனை ஒட்டிய சார்லஸ் ஆற்றைக் கடக்க வைத்தார். சதுப்பில் இறங்கி நனைந்த கால்களோடு விடிய விடிய நடந்தார்கள், பாவம்.

செய்தி அவர்களை முந்திவிட்டது. படை வருகிறது என்று எச்சரிக்க பால் ரெவியர் குதிரையில் போனது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவர் வழியிலேயே பிடிபட்டார். கான்கார்டுக்குச் செய்தி கொண்டுவந்து சேர்த்தவர் சாமுவேல் பிரெஸ்காட் என்ற டாக்டர். பேரெடுத்தது என்னவோ ரெவியர்தான்!

விடியும்போது வழியில் லெக்சிங்டன். புல்வெளியில் ஊர்ப்படைக் கேப்டன் ஜான் பார்க்கரோடு எழுபத்துச் சொச்சம் பேர் நிற்கிறார்கள். ஒரு துப்பாக்கி வெடித்தது. யாருடையது என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. ஊர்க்காரர்களில் 8 பேர் செத்தார்கள்.

இனி கான்கார்ட். பாரெட் என்ற ஊர்ப்படைக் கர்னலின் பண்ணையில், உழுத சாலில் ஆயுதங்களைப் போட்டு மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டார்கள் என்று சொல்கிறார்கள். விதைப்பு நடக்கிற வயலை எந்தச் சிப்பாய் தோண்டிப் பார்ப்பான்? ஊருக்குள் அகப்பட்ட பீரங்கி வண்டிகளைச் சிப்பாய்கள் கொளுத்த, தீ பக்கத்துக் கட்டிடத்துக்கும் தாவிவிட்டது. மார்த்தா மோல்டன் என்று 71 வயசுப் பாட்டி, விதவை. சிப்பாய்களிடம் மன்றாடி, அவர்களையே தண்ணீர் ஊற்றி அணைக்க வைத்தார்.

அதோ, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு மேடு தெரிகிறதா? அங்கே ஊர்ப்படைக்காரர்கள் சுமார் 400 பேர் நின்றிருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது புகை மட்டும். பாட்டியும் தெரியவில்லை, வாளியும் தெரியவில்லை. ஊரையே எரிக்கிறான் என்று நினைத்து இறங்கி வந்தார்கள். பாலத்தருகே பிரிட்டிஷ்காரர்கள் முதலில் சுட்டார்கள். முன்னால் வந்த ஐசக் டேவிஸ் விழுந்தார். அவர் துப்பாக்கி செய்கிற ஆசாரி. இவர்களும் திருப்பிச் சுட்டார்கள். ராஜாவின் சிப்பாய்களைப் பார்த்துச் சுடச் சொல்லி முதன்முறையாக உத்தரவு வந்தது இங்கேதான்.

அப்புறம் பிரிட்டிஷ் சிப்பாய்கள் பாஸ்டனுக்குத் திரும்பிப் போகிற வழி இருக்கிறதே, அதுதான் நரகம். சுவருக்குப் பின்னால், மரத்துக்குப் பின்னால், வீட்டு ஜன்னலில் எல்லாம் துப்பாக்கி. லெக்சிங்டனில் பெர்சி பிரபு என்ற பிரிட்டிஷ் தளபதி உதவிக்குப் பீரங்கியோடு வந்து சேர்ந்திருக்காவிட்டால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். வழியில் சாமுவேல் விட்டமோர் என்ற 78 வயசுத் தாத்தா ஒற்றை ஆளாக நின்று சுட்டிருக்கிறார். அவர் முகத்தில் சுட்டு, துப்பாக்கி முனைக் கத்தியால் குத்தி, செத்தார் என்று விட்டுப் போனார்கள். மனிதர் பிழைத்து இன்னும் 18 வருஷம் இருந்தார்!

சரி, கேமராவைக் கொஞ்சம் கீழே காட்டுகிறேன். பாலத்தின் ஓரத்தில் இந்தக் கல் தெரிகிறதா? கீழே இருப்பது அன்றைக்குச் செத்த இரண்டு பிரிட்டிஷ் சிப்பாய்கள்.